ஐந்தரை மணிக்குப் போகும் கரண்ட்

மட்டாஞ்சேரி முழுவதிலும் ஊழியர் நலனுக்காக உண்மையாகப் பாடுபட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எந்த ஊழியரையும் பார்த்துச் சிரித்தது கிடையாது. ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டதும் கிடையாது. கேட்டிருந்தால் எங்களில் இரண்டு பேருக்காவது மயக்கம் வந்திருக்கும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் மெயின் சுவிட்ச் இக்கா, அதாவது அண்ணன்.

நான் வேலை பார்ப்பது பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் ஏலக்காயும் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். கிடங்கின் பொறுப்பு இக்காவிடம். எங்கள் குடும்பத்தைப் போலவே அவர் குடும்பமும் எப்போதோ கொச்சிக்கு வந்து, தமிழை மலையாளத்தில் ஊறப்போட்டுப் பேசி வருவது. அந்த ஒரு காரணத்துக்காக மற்றவர்களை விட என்னை அவர் கொஞ்சம் கூடுதலாகவே திட்டுவார்.

எங்கள் தெருக் கிடங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஒயரிங் பழசு, மேலே மர உத்தரம், கீழே சாக்கு. ஒரு பொறி பறந்தால் போதும், தெருவே மிளகு ரசமாகிவிடும். அதனால் பெரிய முதலாளி, “நீ போகும்போது மெயினை அணைக்காமல் போகக்கூடாது” என்று இக்காவிடம் என்றோ சொல்லி வைத்திருந்தார். இக்கா அந்த உத்தரவை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். எப்போது போவது என்பதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லையாதலால், அதை அவரே முடிவு செய்துகொண்டார்.

ஐந்தரை.

மேலே ஆபீசில் ஆள் இருக்கிறதா, வேலை இருக்கிறதா, கப்பல் காத்திருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். தராசுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, இரும்புப் பெட்டியின் கைப்பிடியை இழுப்பார். டமார் என்று ஒரு சத்தம். என்றோ பேட்டரி செத்துப்போன யூபிஎஸ்கள் கீச்சென்று ஒரு முறை கத்திவிட்டு உயிரை விடும். பிறகு இருட்டுக்குள்ளிருந்து, பஸ் கண்டக்டர் தோற்றுப்போகும் குரலில், “இறங்ஙு! இறங்ஙு!”

நாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையால் அவர் இதைச் செய்யவில்லை. முக்குச் சாயாக்கடையில் ஐந்தே முக்காலுக்குப் பழம்பொரியின் இரண்டாவது ஈடு எண்ணெயை விட்டு வெளியே வரும். முதல் ஈட்டில் மாவு வேகாது, மூன்றாவதில் எண்ணெய் கருத்துவிடும் என்பது அவர் கட்சி. உலகத்தில் எத்தனையோ பெரிய தொழிலாளர் இயக்கங்கள் நடந்திருக்கலாம். எங்களுடையது ஒரு நேந்திரம்பழத்தை நம்பி நடந்தது.

ஒரு நாள் சின்ன முதலாளி ஜெர்மன்காரர் ஒருவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். சின்ன முதலாளி பெங்களூரில் நிர்வாகம் படித்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். “எங்கள் கம்பெனி உங்களுக்காக இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்கும்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். வாயை மூடவில்லை. டமார்.

“இக்கா! ஜெர்மனி லைன்ல இருக்கு!”

“ஜெர்மனில வெளிச்சம் இருக்கில்லே? அது மதி, அது போதும். இறங்ஙு!”

பெரிய முதலாளியிடம் புகார் போனது. அவர், “கிடங்கு எரியவில்லையே?” என்று கேட்டுவிட்டுக் காதை மூடிக்கொண்டார்.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் சின்ன முதலாளி எங்கள் நலனைக் கையில் எடுத்தார். ‘மனிதரை மையமாக வைத்த பணியிடம்’ என்று ஒரு பெரிய போர்டு வந்தது. நாங்கள் மத்தியானம் சாப்பிட உட்காரும் பெஞ்சை எடுத்த பிறகுதான் அதை மாட்ட இடம் கிடைத்தது. போர்டின் கீழே நின்றுகொண்டே சாப்பிட்டோம். மையத்தில்தான் நின்றோம், அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்து, எங்களை மகிழ்விப்பதற்கென்றே ஒரு மேடம் நியமிக்கப்பட்டார். நல்ல பெண். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பந்து வைத்திருப்பார். மனசு பாரமாக இருப்பவர்கள் அதைப் பிசைய வேண்டும். அவர் ஆபீசுக்காக மெத்து மெத்தென்று உட்காரும் பீன் பேக்குகள் வரவழைத்தார். அவை வந்து இறங்கிய நேரம் மேடம் ஊரில் இல்லை. கிடங்கில் வந்து இறங்கும் மூட்டைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை எங்கள் சுமை ஆட்கள் செய்தார்கள். எடை போட்டார்கள், வாய்ப்பக்கம் இன்னொரு தையல் போட்டார்கள், கம்பெனி முத்திரையைக் கறுப்பு மையில் குத்தினார்கள், சுக்கு மூட்டைகளுக்கு அடியில் அடுக்கினார்கள். மேடம் திரும்பி வந்து தேடியபோது இக்கா மட்டும் தம் சந்தேகத்தை வெளியிட்டார்.

“சரக்கு வந்தது, இல்லைன்னு சொல்லலே. ஆனா மேடம், எடையே இல்லே. உங்களை யாரோ பற்றிச்சு ஏமாத்திட்டான்.”

பிறகு மூச்சுப் பயிற்சி வந்தது. கிடங்கில்தான் இடம் இருந்தது. கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து, உள்ளே நிறுத்தச் சொன்னார் மேடம். அன்று காலையில்தான் மிளகு சலித்திருந்தார்கள். நாங்கள் இழுத்தோம். நிறுத்த முடியவில்லை. கணக்குப்பிள்ளை தும்மிய தும்மலில் அவருடைய மேல்வரிசைப் பல்செட் தராசுத் தட்டில் போய் விழுந்தது. மேடமும் தும்மிக்கொண்டே, “மனசு... லேசாச்சா?” என்று கேட்டார். இக்கா மூலையில் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு யாரும் துண்டு பற்றிச் சொல்லவில்லை.

கடைசியாக, ‘வேலையும் வாழ்வும்: ஒரு சமநிலை’ என்று ஒரு வகுப்பு. வேலை நேரத்தில் வைத்தால் வேலை கெடும் என்பதால் மாலை ஆறு மணிக்கு. வராதவர்கள் காரணம் சொல்ல வேண்டும். ஐந்தரைக்கு டமார் விழுந்ததும் மேடம் மனம் தளராமல் மொபைல் டார்ச்சை ஏற்றிக்கொண்டார்.

“இக்கா, இது உங்க நல்லதுக்குத்தான். எல்லாரும் சேர்ந்து சிரிக்கப் போறோம்.”

“சிரிப்பு வந்தா வீட்ல போய்ச் சிரிக்கட்டும். வீட்ல ஆள் உண்டில்லே?”

யாரும் எங்களிடம் அதுவரை கேட்காத கேள்வி அது. வீட்டில் எனக்கு ஆள் உண்டு. என் மகள் மீனு.

மீனு வேலை பார்த்தது இடப்பள்ளி தாண்டி, கண்ணாடிக் கட்டடம் ஒன்றில். அங்கே யாரும் ஊழியர் கிடையாது, எல்லோரும் ‘குடும்பம்’. அந்தக் குடும்பம் அவளுக்கு இலவசமாகப் பழம் கொடுத்தது, பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தது. வீட்டுக்கு வர மட்டும் நேரம் கொடுக்கவில்லை. தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தும் ஆப் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அது கூவும்போதெல்லாம் இவள் கூவலை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்வாள். நான் ஏதாவது சொன்னால், “டீம்ல எல்லாரும் இருக்காங்கம்மா, நான் மட்டும் எப்படி எழுந்து போறது?” என்பாள். அவள் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே தினமும் அவளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் மதியம் மூன்று மணி சுமாருக்கு எனக்கு போன் வந்தது. அவள் கம்பெனியின் நலப் பிரிவிலிருந்து ஒரு குழையும் குரல். “பயப்படாதீங்க ஆன்ட்டி. மீனு கொஞ்சம் ஓய்வில் இருக்காங்க.” எங்கே ஓய்வு என்று கேட்டேன். நாற்காலியிலிருந்து தரையில் விழுந்து, பேச்சு மூச்சில்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஓய்வு.

பையைக்கூட எடுக்கவில்லை. சின்ன முதலாளியிடம் ஓடினேன். அவர் முகம் உண்மையிலேயே வாடியது. “ஐயோ சேச்சி! உடனே போங்க, ஃபேமிலிதான் முக்கியம்.” இரண்டு அடி எடுத்து வைத்தேன். “சேச்சி, அந்த மிளகுக் கப்பல் பேப்பர் மட்டும்... இன்னிக்கு ஏத்தலேன்னா போச்சு. உங்களுக்குத்தான் தெரியும். ஒரு அஞ்சே மினிட்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்தேன். இத்தனை வருஷப் பழக்கம், கால்கள் தாமாக மடங்கிவிட்டன. கண்ணீரில் எழுத்துகள் நீந்த, கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தேன். மேடம் ஓடி வந்து என் மடியில் மஞ்சள் பந்தை வைத்தார்.

டமார்.

ஆபீசே ஸ்தம்பித்தது. ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தரை ஆக இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. யூபிஎஸ்களுக்கே குழப்பம், இரண்டு முறை கத்தின.

“இக்கா! மணி என்னன்னு தெரியுமா?” சின்ன முதலாளி கத்தினார்.

இக்கா மாடிப்படியேறி வந்தார். அவர் மேலே வந்து நான் பார்த்தது அன்றுதான். மரத்தளம் வழியே என் அழுகை கிடங்குவரை கேட்டிருக்கிறது. “கரண்ட் போயிட்டு” என்றார்.

“நீங்கதானே அணைச்சீங்க!”

“ஆரு அணைச்சா என்ன, போயிட்டில்லே?” பிறகு என் பக்கம் திரும்பினார். “எந்தா தங்கச்சி, இருட்டில குந்தியிருந்து என்ன செய்யறே? இறங்ஙு. ஆட்டோ நிக்குது.”

ஆட்டோவில் அவரும் ஏறினார். பாலம் தாண்டி இடப்பள்ளி வரும்வரை டிரைவரை, சிக்னலை, மால்களுக்குப் போகும் கார்களை, என் அழுகையைத் திட்டிக்கொண்டே வந்தார். யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும் ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு தெம்பு என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மீனு கண் விழித்திருந்தாள். ஒரு கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கை மடியிலிருந்த லேப்டாப்பில். அதை ஆஸ்பத்திரிக்கு யாரோ பொறுப்பாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். செருப்பைத்தான் மறந்துவிட்டார்கள். லேப்டாப்புக்குள்ளிருந்து அவளுடைய மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். “டேக் கேர் மீனு, நல்லா ரெஸ்ட் எடு, ஓகே? அந்த ஒரு ஃபைலை மட்டும்...”

இக்கா சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வராந்தாவுக்குப் போனார். நர்ஸ் சந்தேகத்தோடு பின்னாலேயே போனாள்.

“எந்தா இக்கா தேடறீங்க?”

“மோளே, இங்கத்தெ மெயின் எங்கே?”

“ஐயோ! மேல ஆபரேஷன் நடக்குது!”

ஆபரேஷன் என்றதும் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அரைமனதாகத் திரும்பி வந்து, மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் மூடியைப் பட்டென்று அடித்துச் சாத்தினார்.

“கரண்ட் போயிட்டு.”

“மாமா, இதுல பேட்டரி இருக்கு...” என்றாள் மீனு, ஈனக்குரலில்.

“பேட்டரி இருக்கா? அப்ப அது தனியா வேலை செய்யட்டும். நீ உறங்கு.”

மீனு சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. அப்படியே தூங்கிப்போனாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். இக்கா வந்து நின்றார்.

“நீ எந்துக்கு அழறே? பழம்பொரி போனது எனக்கு.”

டாக்டர், தூக்கமில்லாமை, ரத்தக் குறைவு, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. இன்றைக்கும் மீனுவின் அறை அமைதியாக இருந்தால் ஏதாவது சாக்கை வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறேன்.

அந்தக் கப்பலும் போகாமல் இல்லை. பேப்பரை மறுநாள் ஏற்றினோம், யாரும் சாகவில்லை. ஆனால் சின்ன முதலாளி பாடம் கற்றுக்கொண்டார். புது ஒயரிங் போட்டார், மொட்டைமாடியில் ஒரு பெரிய ஜெனரேட்டர் வைத்தார். இனி எங்கள் கம்பெனியில் கரண்ட் போகவே போகாது. அணைக்க ஒன்றும் இல்லாத இக்காவுக்குப் பொன்னாடை போர்த்தி, ‘இனியாவது நன்றாக ஓய்வெடுங்கள்’ என்று அன்போடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வு என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆளுக்கு ஓய்வு கொடுத்த சாமர்த்தியத்தைப் பாராட்டி மேடம் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

மீனு வேலையை விடவில்லை. அவள் கம்பெனி பெருந்தன்மையோடு அவளை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. அதாவது, வீட்டையும் எடுத்துக்கொண்டது. நானும் இக்காவின் வழிக்கு வந்தேன். ‘குடும்பம்தான் முக்கியம்’ என்று சின்ன முதலாளி சொன்னதை அவரிடமே ஞாபகப்படுத்தி, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். ஐந்தரைக்கு எங்கள் வீட்டு வாசல்படிக்கு மேலே இருக்கும் மெயின் சுவிட்சை அணைக்கிறேன். லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, வைஃபை பெட்டிக்குக் கிடையாது. எங்கள் சந்தில் மொபைல் சிக்னலும் வாசல்படியோடு நின்றுவிடும். முதல் வாரம் மீனு என்னோடு பேசவில்லை. அவளுடைய மேனேஜர் மட்டாஞ்சேரியில் மின்சாரத் தட்டுப்பாடு என்று நம்பி வருத்தம் தெரிவித்தார்.

தினமும் சரியாக ஐந்தரைக்கு எனக்கு ஒரு போன் வரும். ஹலோ கிடையாது, சுகமா கிடையாது.

“அணைச்சியா?”

“அணைச்சாச்சு இக்கா.”

“ம்.” அவ்வளவுதான். பின்னணியில் எண்ணெய் சீறும் சத்தம் கேட்கும்.

போன வாரம் ஒரு நாள் ஐந்தரைக்கு அந்த போன் வரவில்லை. மெயின் பெட்டிக்குக் கீழே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வயசான மனுஷன், பழம்பொரி எண்ணெய் வேறு. எனக்குத்தான் கெட்டதை நினைக்கச் சொல்லித் தரவே வேண்டாமே. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சுவிட்ச் மேல் கை போகவில்லை, அப்படியே நின்றேன். கடைசியில் போன் அடித்தது.

“இக்கா! என்ன ஆச்சு?”

“இங்க நெஜமாவே கரண்ட் போயிட்டு. க்ளாக் நின்னுபோச்சு, போனில சார்ஜ் இல்லே. சாயாக்கடைக்காரன் போனு இது. அணைச்சியா?”

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அறைக் கதவு திறந்தது. மீனு சோம்பல் முறித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் மேஜை மேல் லேப்டாப் மூடியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டும் ஃபேன் ஓடிக்கொண்டும் இருந்தன.

“அம்மா, மணி அஞ்சரை தாண்டியாச்சே” என்றாள். “இன்னும் ஏன் கரண்ட் போகலே? மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?”

போனை அவள் காதில் வைத்தேன்.