மில்லர்புரத்துச் சட்டவிரோதப் புல்

வீட்டு முன்னால் புல்தரை இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று மில்லர்புரத்தில் ஒரு தெருவுக்குத் திடீரென்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று யாரும் ஆராயவில்லை. மூன்று வீட்டில் போட்டார்கள். மற்ற வீடுகளுக்கு அந்தக் காரணமே போதுமானதாக இருந்தது.

கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிற விஜிலாவும் போட்டாள். சுருட்டிக் கொண்டுவந்த புல்லைப் பாய் மாதிரி விரித்தார்கள். கொஞ்ச நாளில் அது பாயின் நிறத்துக்கே வந்துவிட்டது. இந்த ஊர் மண்ணில் உப்பு. போர்வெல் தண்ணீரிலும் உப்பு. மண்ணைச் சோதித்துச் சொல்லும்படி புறநகர்ப் பசுமை மேம்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு பை மண் அனுப்பினாள்.

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. காய்ந்த புல்லைச் சுரண்டி எறிந்தாள். ஜிப்சம் தூவிக் கொத்தி, ஐப்பசி மழைத் தண்ணீரை ஓடவிடாமல் வரப்புக் கட்டி உப்பைக் கீழே இறக்கினாள். மழை விட்டதும் மக்கிய ஆட்டுப்புழுக்கையும் தென்னைநார்த் தூளும் கலந்து, புதுப் புல் நட்டாள்.

“ஏளா, என்னைக்காவது எனக்கு இவ்வளவு பண்டுதம் பாத்திருக்கியா?” என்று கேட்டான் கணவன் ஸ்டெபின்.

தை மாதம் புல் பச்சைப் பசேலென்று நின்றது. ஆபீஸிலிருந்து வந்தால் பையைக்கூட உள்ளே வைக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

அப்போதுதான் சோதனை அறிக்கை வந்தது. கொண்டுவந்தவர் அதிகாரி ஆறுமுகநயினார். அவர் அறிக்கையைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். முகம் இருண்டது.

“மேடம், இந்த மண்ணுல புல் முளைக்காதுன்னு போட்டிருக்கு.”

“முளைச்சிருக்கே சார்.”

“அதான் பிரச்சினை.”

“நான் அனுப்பினது பழைய மண்ணு சார். அதுக்குப் பொறவு எவ்வளவோ வேலை பாத்திருக்கேன்.”

“மண்ணு பழசா இருக்கலாம். அறிக்கை புதுசு. நேத்துதான் கையெழுத்தாச்சு.”

“அப்பம் இந்தப் புல்லு?”

“அறிக்கையில முத்திரை இருக்கு. புல்லுல இருக்கா?”

மேற்படி புல்லானது அலுவலகத்தின் முடிவுக்கு முரணாகத் தன்னிச்சையாக வளர்ந்துள்ளது என்று அவர் எழுதிக்கொண்டார். மறுபடியும் சோதிக்க முடியுமா என்று விஜிலா கேட்டாள். தாராளமாக முடியும், ஆனால் விதிப்படி, வெறுந்தரையில்தான் மண் எடுக்க வேண்டும்.

“இருக்கிற புல்லை எடுத்துட்டு எதுக்கு சார் சோதனை?”

“புல் வளருமான்னு தெரிஞ்சுக்கத்தான்.”

மறுநாள் விஜிலாவே புல்லைப் பிடுங்கினாள். வேர்கள் லேசில் வரவில்லை. உதவ வந்த ஸ்டெபின், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலி பேசாமல் பக்கத்தில் குனிந்தான்.

இந்தத் தடவை முடிவு விரைவாக வந்தது. ‘இம்மண் புல் வளர்ப்பிற்கு மிகவும் உகந்தது’ என்று தங்க ஓரம் வைத்த சான்றிதழ். வெறுந்தரையில் நிற்கவைத்து, அவள் கையில் அதைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார் ஆறுமுகநயினார்.

“நம்ம தெருவுக்கே முதல் சான்றிதழ்!” என்று தெருச் சங்கச் செயலாளர் தனராஜ் கேக் வாங்கி வந்தார். கேக் தீர்வதற்குள் தன் வீட்டுப் புல்லைப் பிடுங்க ஆள் அனுப்பிவிட்டார். அடுத்து எதிர்வீடு. அப்புறம் மூலைவீடு. பங்குனிக்குள் தெருவில் சான்றிதழ் இல்லாத வீடே இல்லை. ஒவ்வொரு கேட்டிலும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். புல் மட்டும் ஒரு வீட்டிலும் இல்லை. காற்று அடித்தால் தெரு முழுக்க மிகவும் உகந்த மண் பறந்தது.

விஜிலா மறுபடியும் நட்டாள். அலுவலகத்திலிருந்து யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் தண்ணீர் ஊற்றினாள். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. சங்கம்தான் வந்தது, தனராஜ் தலைமையில்.

“என்னம்மா இது?”

“புல்லு அண்ணாச்சி.”

“அது தெரியுது. சான்றிதழ் வாங்கின மண்ணுல இப்படிப் புல்லை வளத்தா என்ன அர்த்தம்? அதிகாரி சொன்னதை நம்பாம நாமளே சோதிச்சுப் பாக்கோம்னு அவரு நினைக்க மாட்டாரா? தெருப்பேரு என்னத்துக்கு ஆகும்?”

“ஆமா, ஆமா” என்றார்கள் எல்லோரும்.

புல்லை உடனடியாக அகற்ற வேண்டும் என்று அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. விஜிலா அவர்கள் கால்களைப் பார்த்தாள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில்தான் நின்றிருந்தார்கள். கூட்டம் முடிந்து வெகுநேரம் ஆகியும் யாரும் இறங்குகிறதாக இல்லை.