உள்ளூர்க்காரர் மூவர் தேவை

நாகரிக உலகுக்கு இங்கிலாந்து வழங்கிய கொடைகளில் தலைசிறந்தது கடலோரக் கிராமத்து பப். நகரத்து மனிதன் தன் வசதியான வீட்டைப் பூட்டிவிட்டு, முந்நூறு மைல் கார் ஓட்டி வந்து, ‘வீட்டில் இருப்பது போலவே’ உணர்வதற்கு ஓர் இரவுக்கு இருநூறு பவுண்டு தருகிறான். இதைவிட உயர்ந்த தத்துவம் எந்த நாட்டிலும் இதுவரை தோன்றவில்லை.

கார்ன்வால் கரையில், போர்த்வெனல் கிராமத்தில் இருக்கும் ‘மூழ்கிய நங்கூரம்’ அப்படிப்பட்ட பப். கீழே கணப்பு, மேலே ஆறு அறைகள். அதன் முதலாளி பியர்ஸ் லண்டனிலிருந்து வந்து, கிராமத்தின் ஆன்மாவைக் காப்பாற்றும் பொறுப்பைத் தாமாகவே தலைமேல் போட்டுக்கொண்டவர். சுற்றியிருந்த வீடுகளையும் ஒவ்வொன்றாக வாங்கிக் காப்பாற்றிவிட்டார்.

நண்டு பிடிக்கும் டென்சில் அப்பா காலத்திலிருந்து வாடகைக்கு இருக்கும் நீலக் கதவு வீட்டையும் பியர்ஸ் இப்போது காப்பாற்றப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில் எங்கே போவது?

இந்த நேரத்தில் பியர்ஸே வந்து கதவைத் தட்டினார்.

“டென்சில், ஒரு உதவி. ‘இதமான விடுதிகள் கழகத்து’லேருந்து நாளைக்கு ஆய்வாளர் வர்றாங்க. அவங்க தர்ற ‘சிறந்த விடுதி’ பட்டம் கிடைக்கணும்னா பப்புல அசல் உள்ளூர்க்காரங்க மூணு பேராவது உக்காந்திருக்கணுமாம்.”

“ஊருக்குள்ள தேடிப் பாரு ராசா.”

“தேடிட்டேன். நாப்பது வீட்டுல முப்பத்தொம்பதுல, லீவுக்கு வர்ற வாரவாடகைக்காரங்க சாவி எடுத்துக்கற பெட்டிதான் தொங்குது.”

“அப்ப மூணு பேரும் நானேவா?”

“கொஞ்சம் பரவலா உக்காருங்க” என்றார் பியர்ஸ் பணிவோடு.

“என் வீடு?”

“நாளைக்கு நல்லபடியா நடக்கட்டும். பேசலாம்.”

அந்தப் ‘பேசலாம்’ என்ற சொல்லை நம்பி, மறுநாள் சாயங்காலம் டென்சில் கணப்பருகே பணியில் அமர்ந்தார். பியர்ஸ் சொல்லியிருந்த பணி விதிகள் தெளிவாக இருந்தன. அந்நியர் நுழைந்தால் பேச்சைச் சட்டென்று நிறுத்தி முறைக்க வேண்டும். மனிதரிடம் பேசுமுன் அவருடைய நாயிடம் பேச வேண்டும். பேச்சை நிறுத்துவதற்கு முதலில் பேச ஆள் வேண்டுமே! டென்சில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்துவிட்டு, கதவு திறந்ததும் நிறுத்தினார்.

ஆய்வாளர் பிலிப்பா நாயோடு உள்ளே வந்து மெய்சிலிர்த்தார். “அடடா, எவ்வளவு அசலான முறைப்பு!” என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

“என்னடா செல்லம், நனைஞ்சுட்டியா?” என்று டென்சில் நாயைக் கேட்டார்.

“தொப்பலா நனைஞ்சுட்டான்” என்று நாயின் சார்பில் பிலிப்பா பதிலளித்தார். “உங்க வீடு பக்கத்துலதானா?”

டென்சில் பியர்ஸைப் பார்த்தார். பியர்ஸ் மும்முரமாகக் குவளை துடைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல டென்சிலுக்கு வரவில்லை.

“எதிர்ல தெரியுது பாரு கண்ணு, நீலக் கதவு. அங்கதான் பொறந்தேன். மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போக எடமில்ல.”

பிலிப்பாவின் கண்கள் கலங்கின. நோட்டை மூடிவிட்டு டென்சிலின் கையைப் பற்றிக்கொண்டார். ஒருத்தியாவது காதுகொடுத்துக் கேட்டாளே என்று டென்சில் நினைத்துக்கொண்டார்.

“பியர்ஸ்,” என்றார் பிலிப்பா தழுதழுத்த குரலில், “அப்ப ஒண்ணாம் தேதிலேருந்து அந்த வீடு காலியா? லீவுக்கு எங்க குடும்பத்துக்கு ரெண்டு வாரம் வேணும்.”

“தாராளமா!”

“ஆனா சாயங்காலம் இவரு இங்க இருக்கணும். இவரு இல்லேன்னா ஊருக்கு உயிரே இல்ல.”

“இருப்பாரு மேடம். பஸ் இருக்கு.”

பட்டம் கிடைத்தது. டென்சில் இருபது மைல் தள்ளி, மீன் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். தினமும் ஐந்தரை பஸ்ஸில் வந்து, உள்ளூர்க்காரராக இருந்துவிட்டு, எட்டு மணி கடைசி பஸ்ஸில் திரும்புகிறார். இரவுச் சாப்பாட்டுக்குத் தாமதமாக வரும் விருந்தினர்கள் ஏமாந்து புகார் செய்ததால், சுவரில் தொங்கும் பட்டச் சான்றிதழுக்குக் கீழே பியர்ஸ் ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறார்:

‘ஊரில் இடம் இல்லாத காரணத்தால் உள்ளூர்க்காரர் எட்டு மணி வரை மட்டுமே. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’