முன் இருக்கை மகளிருக்கு

நெடும்பாட்டை என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. தேடாமலிருந்தால் சில சமயம் தட்டுப்படும். அந்த நாட்டில் சந்தைக்கும் கோயிலுக்கும் சாவுக்கும் குதிரை வண்டிதான். ஓட்டுபவர்கள் ஆண்கள். இழுப்பவை பெரும்பாலும் பெட்டைக் குதிரைகள். இழுப்பது பெண்ணினத்துக்குத் தகுமா என்று அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. ஓட்டுவதுதான் விவகாரமாக இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஆமாம் நாள். அன்று ஆண்கள் எல்லோரும் அரண்மனைக்குப் போய், மன்னர் மகுடேந்திரர் என்ன சொன்னாலும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் தொண்டை கட்டித் திரும்புவார்கள். அரண்மனை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாததால் நடந்தேதான் போவார்கள். வைத்தியர்களுக்கும் சிறைக்காவலர்களுக்கும் மட்டும் விலக்கு. நோயாளியும் கைதியும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடக் கூடாது அல்லவா.

வெங்காயம் விற்கும் செவந்தியின் மகள் பூவரசிக்கு இழுப்பு நோய். வைத்தியரோ குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். ஓர் ஆமாம் நாளில் குழந்தைக்கு மூச்சு திணறியது. வாசலில் வண்டி நின்றது, குதிரை நின்றது, ஓட்டத்தான் ஆள் இல்லை. செவந்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வழியில் ஒரு சிறைக்காவலரின் வண்டி வந்ததால் பிள்ளை பிழைத்தது. ஆனால் நீலம் பாய்ந்த அந்தச் சின்ன உதடுகள் அவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு. அடுத்த வாரமே அரண்மனைக்குப் போய், பெண்களுக்கும் வண்டியோட்டச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டாள்.

மன்னர் ஒரு குழு அமைத்தார். வண்டியோட்டுவது மகளிருக்கு இன்றியமையாத வாழ்க்கைத் திறனா என்று ஆராய வேண்டியது குழுவின் பணி. உறுப்பினர்கள் அனைவரும் ஆண்கள். பெண்களைச் சேர்த்தால் ஒருதலைப்பட்சமாகிவிடும் என்றார் பாதை அமைச்சர் கெம்பீரராயர். குழு நிறைய முந்திரிப்பருப்பு சாப்பிட்டு, இன்றியமையாததுதான் என்று கண்டுபிடித்தது. ஊரெல்லாம் பறையடித்துச் சொன்னார்கள்.

முதல் ஆணை வந்தது. பெண்கள் அனைவரும் வண்டியோட்டக் கற்க வேண்டும். ஆனால் குதிரை முரட்டுப் பிராணி என்பதால் குதிரை இல்லாமல் கற்க வேண்டும். ஊரில் பாதி வண்டிகளைப் பயிற்சிக்கென்று பிடுங்கிக்கொண்டு போய் மைதானத்தில் நட்டு வைத்தார்கள். கடிவாளத்தை ஒரு கம்பத்தில் கட்டினார்கள். பெண்கள் ஏறி உட்கார்ந்து ‘ஹை’ என்றால் இரண்டு சேவகர்கள் பின்னாலிருந்து வண்டியைக் குலுக்கினார்கள். நகராத வண்டியை ஓட்டுவதில் செவந்தி முதல் வகுப்பில் தேறினாள். இருந்த வண்டிகளும் குறைந்துபோனதால் சந்தைக்கு வெங்காயக் கூடையைத் தலையில் சுமந்து நடந்தாள்.

பெண்கள் முணுமுணுத்தார்கள். உடனே இரண்டாம் ஆணை. மைதானத்து வண்டிகள் வீடு திரும்பும், இனிக் குதிரையும் உண்டு. ஆனால் நேராக மட்டுமே ஓட்டலாம். “திரும்புதல் என்பது தீர்மானம் சம்பந்தப்பட்டது. தீர்மானங்களின் பாரத்தை மெல்லிய தோள்களில் ஏற்ற இந்த அரசுக்கு மனம் வரவில்லை” என்று கெம்பீரராயர் தழுதழுத்தார். அன்றிலிருந்து வண்டியில் கிளம்பிய பெண்கள் சந்தையைப் பார்த்துக்கொண்டே சந்தையைத் தாண்டிப் போனார்கள். நாட்டின் எல்லை வரை போய், வண்டியைத் திருப்பிவிட ஓர் ஆண்பிள்ளை வருவானா என்று வரிசையில் காத்திருந்தார்கள். பக்கத்து நாட்டுக் காவலர்கள் இதைப் படையெடுப்பு என்று நினைத்துக் கொஞ்ச நாள் பதறினார்கள். பிறகு அங்கே இட்லிக் கடை போட்டுவிட்டார்கள்.

மூன்றாம் ஆணைதான் சரித்திரப் புகழ் பெற்றது. நெடும்பாட்டையின் ஒவ்வொரு வண்டியிலும் முன் இருக்கை மகளிருக்கே. ஆண் யாரும் அதில் உட்காரக் கூடாது. பெண்கள் மகிழ்ச்சியில் அழுதார்கள். செவந்தியும் அழுதாள். பிறகுதான் வீட்டுக்கு வீடு புதுக் கடிவாளம் கொண்டுவந்து மாட்டினார்கள். அது மிக நீளமாக இருந்தது. குதிரையின் வாயிலிருந்து கிளம்பி, முன் இருக்கைப் பெண்ணின் இரு காதோரமும் போய், பின்னால் உட்கார்ந்திருக்கும் கணவன் கையில் முடிந்தது. அவனுக்கு ‘சாரதியின் கணவர்’ என்று பட்டம், தலைப்பாகை எல்லாம் உண்டு. வண்டி ஒழுங்காகப் போனால் அவனைப் பாராட்டினார்கள். குடைசாய்ந்தால் முன் இருக்கையில் யார் என்று விசாரித்தார்கள்.

செவந்தியின் கணவன் மருதையன் கெட்டவன் இல்லை. ஊரோடு ஒத்துப்போகிறவன், அவ்வளவுதான். தலைப்பாகை அவனுக்கு நன்றாகவே இருந்தது. வார் காதில் உரசுகிறது என்று அவள் சொன்னபோது, “கொஞ்சம் குனிஞ்சுக்க புள்ள” என்றான்.

அடுத்து வந்த ஓர் ஆமாம் நாளில் பூவரசிக்கு மறுபடி இழுப்பு கண்டது. தெருவில் ஓர் ஆண் இல்லை. செவந்தி ஆணைகளைப் பற்றி நினைக்கவே இல்லை. பிள்ளையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் புடவையால் கட்டினாள். பின்னால் கிடந்த கடிவாளத்தை முழம் முழமாக இழுத்து மடியில் குவித்துக்கொண்டு ‘ஹை’ என்றாள். குதிரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியது. குன்றடி வளைவில் அவள் வலப்பக்கம் இழுத்தாள். அது வலப்பக்கம் திரும்பியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை குழு என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வைத்தியர் மூலிகை ஆவி பிடிக்கவைத்துக் கஷாயம் புகட்ட, குழந்தை மூச்சை இழுத்து விட்டு, பசிக்கிறது என்றது. செவந்தி அங்கேயே உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள்.

சேதி அரண்மனைக்கு எட்டியது. முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வண்டியோட்டிய குற்றத்துக்காக அவளைச் சபையில் நிறுத்தினார்கள்.

கெம்பீரராயர் சட்டத்தை விளக்கினார். பெண் தனியாக ஓட்ட முடியாது என்பது சட்டம். வண்டியோ ஓடியிருக்கிறது. ஆகவே ஓட்டியவர் கணவர். அந்த நேரத்தில் அவர் சபையில் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவருடைய திறமையையே காட்டுகிறது. மருதையனை அழைத்து, தலைசிறந்த சாரதி என்று கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். அவன் பதக்கத்தையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இனி ஆமாம் நாட்களில் எல்லாக் கடிவாளங்களும் அரண்மனையில் ஒப்படைக்கப்பட வேண்டும்” என்று மன்னர் தீர்ப்பைத் தொடர்ந்தார்.

அடுத்த தடவை பிள்ளைக்கு மூச்சு முட்டினால் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கெஞ்சிப் பார்க்கலாம் என்று செவந்தி மன்னரை நிமிர்ந்து பார்த்தாள். மன்னர் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். சாய்த்துவிட்டுப் பேசினார். மறுபடி சாய்த்தார். சிம்மாசனத்துக்குப் பின்னால் பட்டுத்திரை தொங்கியது. அதன் அடியில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. பின்னால் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்கக் கழுத்தை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அவளுக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது.

“மகாராஜா, ஒங்களையும் முன்னால உக்கார வச்சிட்டாங்களா?”

மன்னர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, கையை உயர்த்தி, காதில் விழுந்ததை அப்படியே கணீரென்று முழங்கினார்:

“இதற்குப் பதில் சொல்லித் தொலைக்காதே. எழுந்து உள்ளே வா.”

“ஆமாம்” என்றது சபை, ஒரே குரலில்.

அந்தக் குரலில் மருதையனின் குரல் சேரவில்லை. அவன் அதற்கு முன்பே வெளியேறி, தன் வீட்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வெங்காயத்தாள் அரியும் கத்தியால் கடிவாளத்தை முன் இருக்கை அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.