சால்வையை விடாத பாய்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஐம்பது வயது தாண்டிய எந்த ஆணும் மானத்தோடு நடந்துபோன சரித்திரம் கிடையாது. சால்வை பாய் கடையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் அதுதான் நிலைமை.

சால்வை, கட்சித் துண்டு, கொடி எல்லாம் விற்கும் கடை. எல்லாக் கட்சிக்கும் அவர்தான் சப்ளை என்பதால் யாரும் அவரை முறைத்துக்கொள்ள முடியாது. அந்த தைரியத்தில், ரோட்டில் போகிறவரை நிறுத்தி, எதிர் டீக்கடைக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

"சார், ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தினி தடவ எந்திரிக்கிறீங்க?"

நான் திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவன். எங்கள் பக்கம் கட்டின பெண்டாட்டிகூட இப்படிக் கேட்க மாட்டாள். காதில் விழாத மாதிரி நடையைக் கட்டினேன். பாய் விடவில்லை.

"வெக்கப்பட்டுதான் சார் நானும் கெட்டேன். நில்லுங்க. முதுகுவலின்னு தைலமா தேச்சிக்கினு கெடந்தேன். தேன்கனிக்கோட்டை போயி பச்சிலை கட்டுனேன். கடைசீல பெங்களூர்ல பாத்தா புராஸ்டேட்டுல கேன்சரு, எலும்பு வரைக்கும் போயிடுச்சு. முன்னாடியே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. எனக்கு லேட்டு. உங்களுக்கு நேரம் இருக்குல்ல?"

தக்காளி விலை சொல்வது போலச் சொன்னார். நான்தான் நடக்கத் தோன்றாமல் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு வேலை முடிந்தால் அங்கேதான்.

அவருடைய கோரிக்கை ஒன்றே ஒன்று. பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த டெஸ்ட் எடுக்க வேண்டும். அதற்கென்று வாரம் ஒருநாள் டாக்டர் வர வேண்டும். கல்லாவி மாதிரி கிராமத்தில் மாடு மேய்க்கிற மனுஷன் பெங்களூருக்கு பஸ் ஏறி, கன்னடத்தில் வழி கேட்டுப் போய் வைத்தியம் பார்க்க மாட்டான், வீட்டிலேயே கிடந்து செத்துப்போவான் என்பார்.

இதை எம்.எல்.ஏ. காதில் போட வேண்டுமே. மனு கொடுத்தால் உதவியாளர் வாங்கிக்கொள்வார், அதோடு சரி. ஆனால் எம்.எல்.ஏ. எந்த மேடை ஏறினாலும் சால்வை போர்த்த வரிசை நிற்கும். போர்த்து, போட்டோ, இறங்கு என்று தள்ளிவிடுவார்கள். பாய் போர்த்துவார், ஆனால் இரண்டு முனையையும் கையிலேயே வைத்துக்கொள்வார். நடுவில் எம்.எல்.ஏ. கழுத்து. இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நிற்க, "புராஸ்டேட்டு, ரத்த டெஸ்ட்டு, வாரம் ஒருநாள் டாக்டரு" என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் பிடியை விடுவார்.

ஒருமுறை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு கல்யாணத்தில் வெள்ளை வேட்டியைப் பார்த்த அவசரத்தில், கர்நாடக எம்.எல்.ஏ.வைப் பிடித்துவிட்டார். மனிதர் கன்னடத்தில் திகைத்ததும் பாயும் கன்னடத்துக்குத் தாவி, "நிமகே எஷ்டு வயஸ்ஸு சார்?" என்று வயதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவர் அடுத்த மாதமே டெஸ்ட் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி ஆள் அனுப்பினார். நம்மவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

பிறகு பாயை மேடை ஏறவிடாமல் தடுத்தார்கள். அவர் கடையில் சட்டம் போட்டார். எம்.எல்.ஏ.வுக்கு சால்வை வாங்குகிறவர், போர்த்தும்போது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஒத்திகை பார்க்காமல் சால்வை கிடையாது. வட்டச் செயலாளர், ரியல் எஸ்டேட்காரர் எல்லோரும் கல்லா முன் நின்று புராஸ்டேட்டு, புராஸ்டேட்டு என்று சொல்லிப் பழகினார்கள். ஒரு கும்பாபிஷேகத்தில் வரிசையில் வந்த அத்தனை பேரும் அதையே காதில் ஓதியதும் எம்.எல்.ஏ. ஆடிப்போனார்.

"எனக்கு நோவுன்னு எவன்டா கெளப்பி உட்டது?" என்று உதவியாளர் மேல் பாய்ந்தாராம். எதிர்க்கட்சிச் சதி என்றே நினைத்திருக்கிறார்.

தொல்லை தாங்காமல் ஒருவழியாகச் சட்டசபையில் பேசினார். கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். "ஆண்களுக்கு வயதான காலத்தில் வருகிற அந்தப் பிரச்சினை" என்றார். பாய் முகம் தொங்கிவிட்டது.

"அந்தப் பிரச்சினைன்னா மந்திரிக்கு என்னா சார் புரியும்? வழுக்கைன்னு நெனச்சிப்பாரு."

அடுத்த கூட்டத்தொடருக்குள் பாய் படுத்த படுக்கையாகிவிட்டார். பாகலூர் ரோடு மண்டபத்துக்கு எம்.எல்.ஏ. வருகிறார் என்று தெரிந்ததும், மேடை என்றாலே வியர்க்கிற நான் சால்வையோடு வரிசையில் நின்றேன். போர்த்தினேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், ஆனாலும் முனையை விடவில்லை.

"சார், அந்த நோயோட பேரைச் சொல்லிக் கேளுங்க சார். பாய் ரொம்ப முடியாம கெடக்காரு."

எம்.எல்.ஏ. சிரிப்பை நிறுத்தினார். "நம்ம சால்வை பாயா?" என்றார். தலையாட்டினேன். என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த சால்வைக்குத் திரும்பிக்கொண்டார்.

சட்டசபையில் இந்த முறை பேரைச் சொன்னார். டெஸ்ட், டாக்டர், எதையும் விடவில்லை. பாய் படுக்கையில் கிடந்தபடி என் போனில் கேட்டார்.

"உச்சரிப்பு சரியில்ல" என்றார். போனைக் காதுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். அன்றைக்கு முழுக்க அதையேதான் போட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டர் வரத் தொடங்கியபோது பாய் இல்லை. இப்போது வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் ஆண்கள் கூட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சர்க்கரை டெஸ்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் நானும் போய் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். கேட்டதும் முதலில் உங்களிடம்தான் ஓடி வந்து சொல்லத் தோன்றியது, பாய்.