ஊதினால் தெரியும் வைரஸ்

வைரஸ் கண்ணுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? விஞ்ஞானிகள்தான் சொன்னார்கள். பாவம், அவர்களுக்கு ஊதல் ஐயாவைத் தெரியாது.

பூட்டிக் கிடந்த செருப்புக் கடையில் ஐயா மேசை போட்ட மூன்றே வாரத்தில் வரிசை தெருமுனையைத் தொட்டது. வைத்தியம் எளிது. கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர். குழல் வைத்து ஊத வேண்டும். தண்ணீர் பாலாக வெளுத்தால், உள்ளே இருந்த வைரஸ் வெளியே வந்துவிட்டது! ஏழாம் நாள் ஊதினால் வெளுக்காது, உடம்பு சுத்தம். அந்த ஏழாம் நாள் தண்ணீர் மட்டும் ஏன் வேறு குடத்திலிருந்து வருகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் இருமிக்கொண்டு, ஒரே வாளியில் அலசிய தம்ளர்களில் பயபக்தியோடு ஊதினார்கள். வைரஸுக்கு இதைவிட நல்ல வரவேற்பு எங்கே கிடைக்கும்?

அந்த வரிசையில் மாஸ்க் போட்டுக்கொண்டு பொருமியபடி நின்றாள் ஒரு பெண். வயது பத்தொன்பது. இரண்டு சிறுநீரகமும் பாதிக்குமேல் ஓய்ந்துவிட்டன. அதற்காக விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிட்டன. போன வருடம் மற்றவர்களுக்கு மூன்று நாளில் போன காய்ச்சல், இவளை இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடத்தியது. இன்னொரு முறை வந்தால் மிச்சமும் போய்விடலாம் என்று பயந்த டாக்டர், மறுநாள் தடுப்பூசிக்குச் சீட்டு எழுதியிருந்தார். சீட்டு அம்மாவின் கைப்பையில் இருந்தது. அம்மா ஐயாவின் பக்கம் இருந்தாள்.

"ஊசி போட்டா கிட்னி வெந்துடும்னு ஐயா சொல்றாருடி. ஒரே ஒரு தடவ ஊதிடு."

"இத்தன பேர் இருமற இடத்துல மாஸ்க்க கழட்டினா, வராத வைரஸும் வந்துடும்மா."

முறை வந்தது. இடதுபக்கக் குடத்திலிருந்து தம்ளரை நிரப்பினார் ஐயா.

"அத கழட்டிட்டு ஊது பாப்பா. அந்த ஊசிச் சீட்ட இங்க குடுங்கம்மா, கிழிச்சுடலாம்."

அம்மா கைப்பையைத் திறந்தாள். மகள் தம்ளரைக் கையில் வாங்கினாள். அப்போதுதான் தண்ணீரின் மேல், பாலில் படிவதுபோல் மிதந்த மெல்லிய ஆடை அவள் கண்ணில் பட்டது.

அவள் அப்பா வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். சுண்ணாம்பு அடியில் படிந்தபின் வாளியில் தெளிந்து நிற்கும் தண்ணீரில் இதே ஆடையை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அதில் குழல் வைத்து ஊதி, வெளுக்கவைத்து விளையாடி, முதுகில் நாலு வாங்கியும் இருக்கிறாள். ஐயா ஊரையே ஏமாற்றியிருக்கலாம். சுண்ணாம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு வெள்ளையடிப்பவர் மகளை ஏமாற்றப் பார்த்ததுதான் பிசகு.

"ஐயா, உங்க உடம்புல வைரஸ் இருக்கா?"

"எனக்கா? ஒண்ணுகூட கிடையாது!" நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப நீங்க ஊதுங்க. வெளுக்கலன்னா சீட்ட நானே கிழிக்கிறேன்."

ஐயாவின் கை தானாக வலதுபக்கக் குடத்துக்குப் போனது.

"அது வேணாம். எனக்கு ஊத்தின இதே தம்ளர்."

"நான் ஊதினா சக்தி குறைஞ்சிடும்..."

ஏழு நாள் ஊதிச் சுத்தமான லாரி டிரைவர் ஒருவர் பொங்கி எழுந்தார். "ஒரு தடவ ஊதிக் காட்டுங்க ஐயா! இந்தப் பொண்ணு வாய அடைங்க!"

பக்தர்களிடம் இதுதான் தொல்லை. உண்மையாகவே நம்பித் தொலைக்கிறார்கள்.

ஐயா கன்னத்தை உப்பினார். குமிழி வரவில்லை. "நல்லா ஊதுங்க ஐயா!" என்று வரிசையே உற்சாகப்படுத்தியது. வேறு வழியில்லாமல் ஊதினார். தண்ணீர் வெளுத்தது. இன்னும் ஊதச் சொன்னார்கள், இன்னும் வெளுத்தது.

"இது சுண்ணாம்புத் தண்ணி," என்றாள் அவள். "உயிரோட இருக்கிற யார் ஊதினாலும் வெளுக்கும்."

ஐயா பின்வாசலைத் தேடினார். செருப்புக் கடைக்குப் பின்வாசல் கிடையாது. லாரி டிரைவர் முன்வாசலை மறித்து நின்றார்.

அம்மா சீட்டை மகள் கையில் திணித்தாள். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "காலைல எத்தன மணிக்குடி போகணும்?"

பதில் சொல்வதற்குள் வரிசையில் நின்ற ஓர் அம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு போனா போறாரு கண்ணு. நீயே பாத்துச் சொல்லு, எனக்கு வைரஸ் இருக்கா?" அதற்குள் அந்த அம்மாளுக்குப் பின்னால் ஒரு புது வரிசை நின்றுவிட்டது.

"ஊதிப் பாத்தது போதும்," என்றாள் பெண். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதுக்குக் குழல் வேணாம்."