வாங்கில் இருந்து செய்த ஆராய்ச்சி

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிறவன் நான். அந்தளவு சந்தேகக்காரன். இப்படிப்பட்டவன் பொது நிருவாகத்தில் முதுமாணிப் பட்டம் படிக்கப் போனது யார் செய்த பாவமோ தெரியாது.

என் ஆய்வுத் தலைப்பு, அரச அலுவலகத்தில் தாமதம் ஏன் என்பது. ஏற்கனவே இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. மாதக் கடைசிக்குள் ஆய்வைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி முழுக்க 'எம்பிஏ இல்ல, எம்பிஏயை விடப் பெரிசு' என்று பீற்றி வைத்திருந்தேன் (சத்தியமாகச் சொன்னேன்).

ஆகவே கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, கவுன்டருக்கு நேரே போட்டிருந்த நீள மர வாங்கில், தடித்த மட்டை போட்ட சி.ஆர். கொப்பியோடு உட்கார்ந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஓர் ஆச்சிக்குக் கதிரைகூடப் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையோ மறைக்கிறார்கள் என்று இன்னும் முறைத்துப் பார்த்தேன். வேலை ஐந்து நிமிடத்தில் முடியத் தொடங்கியது.

மூன்றாம் நாள் தலைமை லிகிதர் இராசநாயகம் எனக்கொரு பிளேன்டீயோடு பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்கோ. நீங்கள் கணக்குப் பார்க்கிற ஓடிட் ஆளோ, லஞ்ச ஊழல் ஆணைக்குழு ஆளோ?"

"ஆராய்ச்சி, ஐயா."

"ஓம், ஓம். போனமுறை வந்தவரும் அப்பிடித்தான் சொன்னவர். பிறகு மூண்டு பேருக்கு ட்ரான்ஸ்பர்."

அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை. அதில் என்ன கலந்திருக்கிறதோ என்ற பயம்.

இரண்டு வாரம் இருந்தும் ஒரு தாமதம்கூட அகப்படவில்லை. அழாக்குறையாகப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் என் கொப்பியைப் புரட்டினார்.

"நீர் எங்க இருந்து பார்த்தனீர்?"

"கவுன்டருக்கு நேர, சேர்."

"இந்தக் கொப்பியோட?"

"ஓம், சேர்."

"அப்ப நீர் ஒபிஸைப் பார்க்கேல்ல. உமக்குப் பயந்த ஒபிஸைப் பார்த்தனீர்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "முந்தின ஆய்வுகளிலயும் தாமதம் குறைவு எண்டுதானே இருக்கு, சேர்?"

"அவையள் எங்க இருந்து பார்த்தவை?"

நூலகத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தனை பேரும் வாங்கில், கொப்பியோடு. ஒருவர் மற்றவரை மேற்கோள் காட்டியிருந்தார். நான் எல்லோரையும் காட்டியிருந்தேன். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு அச்சடித்த தாளைச் சந்தேகிக்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அதையே ஆய்வாக எழுதி, கடைசி நாள் கடைசி மணியில் கொடுத்து, மயிரிழையில் தப்பினேன்.

ஆனால் குடும்பத்திடம் தப்பவில்லை. கொட்டாஞ்சேனை மச்சான் எந்த அரச கந்தோருக்குப் போனாலும் போன் அடிப்பான்: "அத்தான், கொப்பியோட ஒருக்கா வந்து இருங்கோவன்."

போன கிழமை மனைவியின் விண்ணப்பம் ஒன்றுக்காக இருவரும் ஒரு கந்தோருக்குப் போனோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். நான் எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்து வாங்கில் இருத்தி, கைப்பையிலிருந்து சி.ஆர். கொப்பியை எடுத்துத் தந்தாள்.

"இஞ்சாருங்கோ, சும்மா எழுதுங்கோ."

கவுன்டரை முறைத்துப் பார்த்தபடி எழுதினேன்: கத்தரிக்காய், தேசிக்காய், நெத்தலிக் கருவாடு. கருவாட்டுக்கு வரும்போதே அவளுடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.