பெயர் இங்கே

டிங்.

கண்ணைத் திறக்கும் முன்பே சந்தனசாமிக்குத் தெரிந்துவிட்டது, இது புஷ்பவள்ளிதான். முகத்தில் போட்டிருந்த துண்டை விலக்கி, கைப்பேசியைத் துழாவி எடுத்தார்.

"சார், இன்னைக்குப் படம் அருமை. ஆனா கலரு கொஞ்சம் சோர்ந்து தெரியுது. நேத்துத் தூங்குனீங்களா?"

ஜோகூரில், பெக்கான் நானாஸில் வீடு, ஸ்கூடாய் பக்கம் ஒரு கிடங்கில் இரவுக் காவல், ஜாகா வேலை. ஊர் தூங்கும்போது விழித்திருந்து, யாரிடமும் கற்காமல், தானே தட்டித் தட்டிப் படம் செய்யப் பழகியவர். 'சந்தனத் துளிகள்' என்று முகநூலில் ஒரு பக்கம். காலை வணக்கம், பிறந்தநாள், கல்யாண நாள், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் உண்டு. பின்தொடர்பவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். தினமும் விருப்பம் போடுகிற ஒரே ஜீவன், தங்காக் ஊர்க்காரி புஷ்பவள்ளி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தி.

மனைவி இன்பராணி பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறாள். அவர் வரும்போது அவள் கிளம்புவாள். அவள் வரும்போது அவர் குறட்டையில் இருப்பார். வாசற்படியில் ஒரு நிமிடம், அதுதான் இல்லறம். "துளி துளின்னு தூக்கம் பூராவும் போச்சு" என்று ஏழு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை. புஷ்பவள்ளி ஒரே ஒரு தடவை சொன்னாள். அன்றிலிருந்து ஆறு மணி நேரத் தூக்கம். சீனியைக் குறைக்கச் சொன்னாள். மறுநாளே அவருடைய பாலில்லாத் தேநீர், தே ஓ, கசப்பாகிவிட்டது. இந்த மாற்றமெல்லாம் எதனால் என்று ராணிக்குத் தெரியாது, பாவம், என்று அவர் பரிதாபப்பட்டதும் உண்டு.

இந்த மாதம்தான் அவர் அந்த மகா முடிவை எடுத்தார். இனி தினம் ஒரு படம் என்று மாரடிப்பதில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பது படம். பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து ஒரு அச்சு செய்தார். மேலே ரோஜா, நடுவே வாழ்த்து, கீழே புறா. பெயரை மட்டும் மாற்றினால் போதும். எது எந்தத் தேதியில் தானாகப் போகவேண்டும் என்பதையும் குறித்துவிட்டார். பதினெட்டாம் தேதி, காலை ஏழு மணி, மனைவிக்குக் கல்யாண நாள் வாழ்த்து. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையே ஒழிந்தது.

மிச்சமான நேரத்துக்கும் வேலை வந்தது. புஷ்பவள்ளி எழுதியிருந்தாள்: "பதினெட்டாம் தேதி எங்க கல்யாண நாள் சார். இருபத்திரண்டு வருஷம். வீட்டுக்காரருக்கு ஞாபகமே இருக்காது. நீங்க ஒரு படம் போட்டா சந்தோஷப்படுவேன்."

நமக்கும் அதே நாள், அதே இருபத்திரண்டு! அந்த வருஷம் ஜோகூரில் ஒரு மண்டபமும் காலி இருந்திருக்காது என்று வியந்தார். அதற்குமேல் அவர் மூளை நகரவில்லை. முகம் தெரியாத அந்தப் புருஷன்மேல் கோபம் வந்தது. மரக்கட்டை. மூன்று நாள், அச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, விரல் நுனியாலேயே ஒவ்வொரு மல்லிகையாக வரைந்தார்.

பதினெட்டாம் தேதி பள்ளி விடுமுறை. வேலை முடிந்து வந்தவரிடம் ராணி தே ஓவை நீட்டினாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும். 'என் உயிரினும் மேலான பெயர் இங்கே'ன்னு போட்டிருக்கீங்களே, யாருங்க அந்தப் பொம்பள?"

அலமாக். பெயரை மாற்ற மறந்துவிட்டிருந்தார்.

"அது... சிஸ்டம் மிஸ்டேக் லா, ராணி."

"நான் சிஸ்டத்தையா கட்டிக்கிட்டேன்?"

சண்டைக்கு நிற்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். அதுதான் அவருக்கு என்னவோ செய்தது. மனசை ஆற்றிக்கொள்ள, மல்லிகைப் படத்தைப் புஷ்பவள்ளிக்கு அனுப்பினார்.

டிங்.

சமையலறையில்.

'வாழ்க' என்று ஒரு சொல் தட்டிவிட்டார். மறுபடியும் சமையலறையில், டிங்.

எழுந்து போனார். ராணி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லிகை மல்லிகையாக.

"நீயா?"

"கல்யாணப் புடவை தங்காக்ல எடுத்தது. அந்த ஊர் பேராச்சும் ஞாபகம் வரும்னு பாத்தேன்." அவள் திரும்பவில்லை. "நான் சொன்னா கேக்க மாட்டீங்க. அவ சொன்னா தூங்குறீங்க. யாரு சொன்னா என்ன, ஆளு நல்லாருந்தா சரின்னு விட்டுட்டேன். இதுல 'கொடுத்துவைத்த மறதிக்காரருக்கும் வாழ்த்து'ன்னு எழுதியிருக்கீங்களே, அது ஒண்ணுதான் சரியா இருக்கு."

அவருக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"அப்ப என் படத்த வேற யாருமே பாக்கலையா?"

குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

"நான் பாத்தேன்ல" என்றாள்.

அறைக்கு வந்து படுத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டில் அறுநூற்றுப் பதினொன்றைக் கழித்துப் பார்த்தார். துண்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வேர்வை வருமுன்பே அது நனைந்தது. தூரத்தில் இடி உருண்டது.

டிங்.

எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தார். எடுத்தார். செம்பருத்தி.

"சார், மழை வருது. துணி கொடியில கெடக்கு."

சந்தனசாமி எழுந்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். தன் ஜாகா சட்டையிலிருந்து தொடங்கி, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.